கடைசி ஆறு அத்தியாயம்

மர்பி டவுன், பெங்களூர்
24-11-1991

அன்புள்ள தமயந்தி அக்காவுக்குத் தங்கை சரசு எழுதுவது. இங்கே நான், உங்கள் வீட்டு மாப்பிள்ளை கோவிந்தப்பா, புதிதாக வந்து சேர்ந்திருக்கும் மகாராணி, மூன்று பேரும் சுகம். குடியாத்தத்தில் நீயும் சண்முகம் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்?

பெயர் வைத்தாயிற்று. பவளநங்கை! ஆமாம், நம் பவளநங்கைதான். "நொச்சிமலைக் கோட்டை" தொடர்கதையில் வருகிறாளே, அவளேதான். உங்கள் மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு, "இன்னாடி பேரு இது, ரேஷன் கார்டுல எடம் பத்தாது" என்றார். நான் விடவில்லை. பகைவர் கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், பாஷை தெரியாத ஊரில் தலை நிமிர்ந்து நிற்கிற பெண் அவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் குழாயடியில் கன்னடம் தெரியாமல் நான் முழித்தது உனக்குத் தெரியாதா? எனக்கு அவளை விட்டால் வேறு பெயர் தோன்றவில்லை.

நாற்பத்தொன்பதாவது அத்தியாயத்துக்கு மேல் நீ இன்னும் அனுப்பவில்லை. சிவாஜிநகர் கடையில் அந்தப் பத்திரிகை கிடைக்கிறதுதான். ஆனால் நீ கிழித்து அனுப்பும் தாளில், கதாநாயகன் மாறவேள் பேசும் இடமெல்லாம் ஓரத்தில் பென்சிலால் "மடையன்" என்று எழுதியிருப்பாயே, அது கடையில் கிடைக்குமா? சீக்கிரம் அனுப்பு.

ஒரு குறை அக்கா. பெயர் வைக்க நீ வருவாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "மாமாவுக்கு ஈ.பி. லைன் வேலை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டாய். அம்மாவும் அப்பாவும் போன பிறகு பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது உன் வீடுதான். பிள்ளை எப்படிப் பால் குடிக்கிறது தெரியுமா? தூக்கத்தில் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பைப் பார்க்கவாவது ஒரு நடை வா.

மாமாவுக்கு என் வணக்கம்.
உன் சரசு


குடியாத்தம்
5-12-1991

அன்புத் தங்கை சரசுவுக்கு அக்காவின் ஆசிகள். உன் கடிதம் வந்தது. இங்கே சுகம். எனக்குக் கொஞ்சம் அசதி, மழைக்காலம் அல்லவா, அவ்வளவுதான்.

ஐம்பது முதல் ஐம்பத்திரண்டு வரை அனுப்பியிருக்கிறேன். பவளநங்கையின் அண்ணன் படையோடு வந்து கோட்டைக்கு வெளியே நிற்கிறான், தங்கையைக் கூப்பிட்டு ஆள் அனுப்புகிறான். இன்னும் ஆறு வாரத்தில் கதை முடிவதாகப் போட்டிருக்கிறது. கதை முடியவே இல்லை, அதற்குள் பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டாய். உனக்கு எப்போதும் அவசரம்.

மாறவேள் இன்னும் மடையனாகத்தான் இருக்கிறான். உடம்பைப் பார்த்துக்கொள். பச்சை உடம்போடு தண்ணீர்க்குடம் தூக்காதே.

தமயந்தி


மர்பி டவுன்
19-12-1991

அக்கா,

சுகம் விசாரிக்கக்கூட நிதானம் இல்லை, மன்னித்துக்கொள். உயிரோடு இருக்கிறோம். காவிரித் தகராறில் இங்கே தமிழர்களை அடிப்பது பற்றி நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். பேப்பரில் வந்தது பாதிதான்.

போன வாரம் உங்கள் மாப்பிள்ளை கண்டோன்மென்ட் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸுக்குப் போனவர் அன்றைக்குத் திரும்பவில்லை, மறுநாளும் திரும்பவில்லை. தெருமுனையில் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடை எரிந்தது. சாயங்காலம் ஒரு கும்பல் சத்தம் போட்டுக்கொண்டு வந்தபோது, விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தேன் அக்கா. என் பிள்ளையின் வாயை நானே பொத்தினேன். எதிர்வீட்டுச் சின்னப்பா, கன்னடக்காரர், தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "இல்லி யாரூ இல்லா, ஹோகி" என்று அவர்களிடம் சொன்னார். இங்கே யாரும் இல்லை, போங்கள் என்று. அவர் சொன்னதால்தான் நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இவர் திரும்பி வந்துவிட்டார். ஆனால் முகத்தில் ரத்தமே இல்லை. "நீ பிள்ளைய எடுத்துக்கினு அக்கா வூட்டுக்குப் போயிடு. அடங்கட்டும், அப்பறம் பாக்கலாம்" என்கிறார். அடங்காவிட்டால் அங்கேயே இருந்துவிடுவேன். மூன்று மாதமோ மூன்று வருஷமோ, உன் வீட்டில் ஒரு மூலை கொடு. வேலூர் போகும் ஒருவர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அங்கே தபாலில் போடச் சொல்கிறேன். நீ "வா" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், அடுத்த ரயிலில் ஏறுகிறேன்.

தமிழ்ப் பத்திரிகை எதுவும் கடைக்கு வரவில்லை. கதை எங்கே நிற்கிறதோ.

சரசு


குடியாத்தம்
18-1-1992

அன்புத் தங்கை சரசுவுக்கு அக்காவின் ஆசிகள்.

உன் கடிதம் படித்துப் பதறிப்போனோம். கோவிந்தப்பா தம்பி பத்திரமாக வந்தது தெய்வ புண்ணியம். தபால் எல்லாம் தாமதமாகிறது. பிள்ளைக்குக் குளிர் காட்டாதே. வயிற்றுவலி வந்தால் ஓமத்தண்ணீர் கொடு.

கதை முடிந்துவிட்டது. எனக்கும் கடைசி ஆறு வாரப் பிரதி கடையில் கிடைக்கவில்லை. நூலகத்தில் வெளியே எடுத்துப்போக விடமாட்டேன் என்றார்கள். அங்கேயே உட்கார்ந்து பார்த்து எழுதிவிட்டேன். ஐம்பத்துமூன்று முதல் ஐம்பத்தெட்டு வரை, என் கையெழுத்தில் அனுப்பியிருக்கிறேன். பொறுமையாகப் படி. ஐம்பத்தாறாவது அத்தியாயத்தில் அண்ணன் வாசலுக்கே வந்து கூப்பிடுகிறான். அதை இரண்டு தரம் படி.

வேறு விசேஷம் இல்லை. மாமா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

தமயந்தி


மர்பி டவுன்
30-1-1992

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். தெருவும் இப்போது சுகம். உன் உறை கனமாக வந்தபோது, வரச்சொல்லி ரயில் நேரம் எல்லாம் எழுதியிருக்கிறாய் என்று நினைத்துத் துணிமணியைக்கூட மூட்டை கட்டிவிட்டேன். பிரித்தால் கதை! முதலில் எனக்கு அழுகை வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

பிறகு படித்தேன். அக்கா, என்ன முடிவு அது! மதில்மேல் நின்று அவள் சொல்கிறாளே, "அண்ணா! பிறந்தகத்துக்கு வழி எனக்குத் தெரியும். ஆனால் என் அடுப்பு எரியும் இடம் இது. படையைத் திருப்பிக்கொண்டு போ!" என்று. நீ ஏன் இரண்டு தரம் படிக்கச் சொன்னாய் என்று அப்போது விளங்கியது. மூட்டையை அவிழ்த்துவிட்டேன். உங்கள் மாப்பிள்ளையிடம், "நான் எங்கயும் போகல, ஏன் போகணும்? இது என் ஊரு" என்றேன். அவர் என்னைப் பேய் பிடித்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

எல்லாத் தாளையும் சேர்த்துச் சிவாஜிநகரில் பைண்டு பண்ணக் கொடுத்திருக்கிறேன். ஐம்பத்திரண்டு அச்சு, ஆறு உன் கை.

பவளாவுக்குக் கழுத்து நின்றுவிட்டது. உன்னை இன்னும் பார்க்காத கண் அவளுக்கு.
உன் சரசு


மர்பி டவுன்
14-6-1997

அன்புள்ள அக்காவுக்குச் சரசு எழுதுவது. எல்லோரும் நலமாக இருக்கிறோம். உன் முட்டிவலி எப்படி? மாமா இன்னும் கம்பத்தில் ஏறுகிறாரா, ஆபீஸில் உட்கார வைத்துவிட்டார்களா?

பவளா கன்னட மீடியத்தில் சேர்ந்துவிட்டாள். நான் கார்மென்ட்ஸில் செக்கிங் வேலைக்குப் போகிறேன். முதல் நாள் கேட்டுக்கு வெளியே நின்றவள், திரும்பிப் போகாமல் உள்ளே நுழைந்துவிட்டேன். முந்தின நாள்தான் நம் புத்தகத்தின் கடைசி ஆறு அத்தியாயத்தை எடுத்துப் படித்திருந்தேன். மனசு ஆடும்போதெல்லாம் அதைத்தான் எடுக்கிறேன். பக்கத்து வீட்டு ஜோசஃபினுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அவளுக்கும் படித்துக் காட்டினேன். "ஐயோ சரசு, அந்தப் பொண்ணு கதவ தொறந்துடுவாளோன்னு எனக்கு மூச்சே வரல!" என்றாள்.

இந்தத் தரம் படிக்கும்போது ஒன்று கவனித்தேன். முதலில் படித்த காலத்தில் மாறவேள் குதிரையில் வந்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது பார்த்தால் அவன் நாற்பது அத்தியாயமாக ஒரு வேலையும் செய்யவில்லை. அச்சில் இருக்கிற பகுதியில் யாரும் சாப்பிடுவதே இல்லை, கவனித்தாயா? வாளைச் சுழற்றுகிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள். கடைசி ஆறில்தான் அடுப்பு எரிகிறது, கஞ்சி கொதிக்கிறது, காவல்காரன் பசிக்கிறது என்கிறான். முடிக்கும்போதுதான் அந்த ஆசிரியருக்குப் புத்தி வந்திருக்கிறது.

ஆம்பூர்க் கல்யாணத்தில் ஒன்று நடந்தது. கேட்கலாமா என்று தெரியவில்லை, கேட்டுவிடுகிறேன். பவளா "பெரியம்மா" என்று ஓடி வந்தாள். நீ பந்தியைப் பார்க்கிறேன் என்று போய்விட்டாய். "பெரியம்மாவுக்கு என்னைப் பிடிக்காதா?" என்று ரயிலில் கேட்டுக்கொண்டே வந்தாள். வேலை மும்முரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் சரசு


குடியாத்தம்
2-7-1997

அன்புத் தங்கை சரசுவுக்கு ஆசிகள். முட்டிவலி இருந்த இடத்தில் இருக்கிறது. மாமா இன்னும் ஏறுகிறார்.

நீ வேலைக்குப் போவது நல்லது. சம்பளத்தை உன் பெயரிலேயே பாங்கில் போடு.

அந்தக் கடைசி ஆறையே மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருக்காதே. மை மங்கிப்போயிருக்கும், கண் கெடும். முன்னால் இருப்பதும் நல்ல கதைதான்.

பவளாவுக்குப் பாவாடைத் துணி அனுப்பியிருக்கிறேன். அளவு எனக்குத் தெரியாது, தாராளமாகவே எடுத்தேன். பந்தியில் அன்றைக்குப் பரிமாற ஆள் குறைவு.

தமயந்தி


மர்பி டவுன்
8-3-2004

அக்கா,

நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. போனில் கேட்டால் நீ "ஹலோ" என்பாய், அதற்கு மேல் எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கல்யாண நாள். உங்கள் மாப்பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் சிவாஜிநகர் நடைபாதைக் கடைகளில் "நொச்சிமலைக் கோட்டை இருக்குதா" என்று வாயால் கேட்டுக் கேட்டு, அட்டை போட்ட அச்சுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்து, "அந்தக் கிழிஞ்சத தூக்கிப் போடு, இதப் படி" என்று கையில் கொடுத்தார். புத்தகமாக வந்ததே எனக்குத் தெரியாது. சந்தோஷத்தில் நேரே ஐம்பத்தாறாவது அத்தியாயத்தைப் பிரித்தேன்.

மதில் இல்லை. அடுப்பு இல்லை. கஞ்சி இல்லை. அவள் கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறாள் அக்கா! அண்ணன் உள்ளே வந்து அவள் புருஷனை அவள் கண்ணெதிரே வெட்டுகிறான். ஊரைக் கொளுத்துகிறான். அவள் ஏரியில் விழுந்து சாகிறாள். கடைசி வரியில், இன்றைக்கும் அந்த ஊரில் பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வைப்பதில்லை என்று எழுதியிருக்கிறது. என் மகளுக்கு அந்தப் பெயர்! பன்னிரண்டு வருஷமாக வாய் நிறையக் கூப்பிடுகிறேன். புத்தகம் கையிலிருந்து விழுந்துவிட்டது. பவளா எடுத்துக் கொடுத்து, "என்னாச்சும்மா?" என்றாள். என்ன சொல்லட்டும் நான்?

வேறு பதிப்பாக இருக்குமோ என்று முதலிலிருந்து ஒத்துப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வரை ஓர் எழுத்து மாறவில்லை. அதற்குப் பிறகு ஒரு வரிகூட ஒன்றாக இல்லை. நூலகத்தில் உட்கார்ந்து நீ எதைப் பார்த்து எழுதினாய்? எதையும் பார்க்கவில்லை. அந்த ஆறும் நீயே எழுதியது. கஞ்சி கொதிக்கும்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அத்தோடு நின்றிருந்தால் சிரித்திருப்பேன். பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டேனே என்று நீ முடிவை மாற்றினாய் என்று நினைத்து உன்னைக் கொண்டாடியிருப்பேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் உனக்கு அப்போது எழுதியது ஞாபகம் வந்தது. "வா" என்று ஒரு வார்த்தை எழுது என்று கேட்டேன். நீ "இருக்கிற இடத்திலேயே இரு" என்று ஆறு அத்தியாயம் எழுதியிருக்கிறாய். வராதே என்று ஒரு வரி எழுதியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். நான் தைரியம் என்று நினைத்துக் கும்பிட்டது என் அக்கா என் முகத்தில் சாத்திய கதவா?

மாமாதான் வேண்டாம் என்றிருப்பார். அவர் வீடு, அவர் சம்பளம், புரிகிறது. ஆனால் அதை நீ சொல்லியிருக்கலாம்.

பதில் எழுது.
சரசு


மர்பி டவுன்
29-3-2004

அக்கா,

மூன்று வாரமாகிறது. பதில் இல்லை. போன் அடித்தால் யாரும் எடுக்கவில்லை. நீ சுகமா என்பதையாவது எழுது. திட்டியாவது எழுது.

சரசு


குடியாத்தம்
6-4-2004

சௌபாக்கியவதி சரசுவுக்குச் சண்முகம் மாமா ஆசீர்வாதம். கோவிந்தப்பாவுக்கும் குழந்தைக்கும் என் அன்பு. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அக்காவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. ஆனால் உன் கடிதம் வந்த நாளிலிருந்து சரியாகப் பேசுவதில்லை, போனையும் எடுக்க விடுவதில்லை. நேற்று நானே அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். படித்து அதிர்ந்துவிட்டேன்.

நான் உன்னை வரவேண்டாம் என்றதாக எழுதியிருக்கிறாய். அந்தச் சமயத்தில் நீ இங்கே வருகிறேன் என்று கேட்டதே எனக்கு நேற்றுத்தான் தெரியும். பெங்களூர்க் கலவரம் என்று கேள்விப்பட்டு, நான் போய்க் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டதற்கு, அங்கே அடங்கிவிட்டது, சரசு வரமாட்டாள் என்று சொன்னாள். நம்பிவிட்டேன். தெரிந்திருந்தால் அன்றைக்கே ரயில் ஏறியிருப்பேன்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "கொழந்த அழுவுற சத்தத்த அப்ப என்னால கேட்டிருக்க முடியாதுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மீதியை நான் சொல்லிவிடுகிறேன், இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது.

எங்களுக்கு ஒன்பது வருஷம் பிள்ளையில்லாமல் இருந்தது உனக்குத் தெரியும். அந்த வருஷம் அவளுக்கு நாலு மாதம். ஐந்தாம் மாதம் வளையல் போடும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று இருந்தோம், உன்னிடம்கூட. உன் பிள்ளைக்குப் பெயர் வைக்க வரும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று சந்தோஷமாக இருந்தாள். கிளம்புவதற்கு முன்னாலேயே கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்த அன்றுதான், பவளநங்கை என்று பெயர் வைத்த உன் கடிதம் வந்தது. நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அதற்கப்புறம் எங்களுக்கு ஒன்றும் இல்லை.

நான் அன்றைக்கு வந்து உன்னைக் கூட்டி வந்திருக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது. வந்திருந்தால் அவள் என்ன ஆகியிருப்பாள் என்றும் தோன்றுகிறது. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை அம்மா.

இப்படிக்கு,
சண்முகம்


மர்பி டவுன்
16-4-2004

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். மாமா எழுதிய கடிதம் வந்தது. நீ இதைப் படித்துவிட்டு அவரைத் திட்டாதே.

கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு அடுப்பை அணைக்காமல் உட்கார்ந்துவிட்டேன். சோறு தீய்ந்து, ஜோசஃபின் வந்து அணைத்தாள். நான் உனக்கு எழுதியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. பிள்ளை எப்படிப் பால் குடிக்கிறது தெரியுமா, தூக்கத்தில் சிரிக்கிறது, வந்து பார். அப்படி எழுதினேன். அதைக் கேட்டுக்கொண்டு நீ படுத்திருந்திருக்கிறாய். எனக்கு என்னையே அறைந்துகொள்ளவேண்டும் போலிருக்கிறது. ஆம்பூரில் அவள் ஓடி வந்தபோது நீ பந்திக்குப் போனதற்கு நான் எத்தனை நாள் உன்னை மனசுக்குள் திட்டியிருக்கிறேன்!

கோபம் போய்விட்டது என்று பொய் எழுதமாட்டேன். பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தபோது நான் நினைத்தது உன் வீட்டைத்தான். அதை எதைக் கொண்டும் அழிக்க முடியாது. உனக்கும் அழிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. இரண்டும் இருக்கட்டும். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் அழுகிறேன். நான் உன் தங்கை இல்லையா? வயிற்றில் வந்ததையும் சொல்லவில்லை, போனதையும் சொல்லவில்லை.

இந்த வாரம் அந்த ஆறையும் மறுபடி எடுத்துப் பவளாவுக்குப் படித்துக் காட்டினேன், அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்கவரும். அச்சில் இருக்கும் முடிவையும் படித்தேன். "சாகறதுக்கு எதுக்கு இவ்ளோ நாள் எழுதினாரு?" என்றாள். பெரியம்மா எழுதிய முடிவு இது என்றேன். நம்பவே இல்லை. "நம்ம பெரியம்மாவா? அவங்க பேசவே மாட்டாங்களேம்மா!" என்றாள். அவள் சொன்ன பிறகு எனக்கும் திகைப்பாகத்தான் இருக்கிறது. அந்த நாளில், அந்த உடம்போடு, எங்கே உட்கார்ந்து எழுதினாய்? கதவைச் சாத்தத்தான் எழுதினாய், சரி. ஆனால் என்னை இந்த ஊரில் நிற்க வைத்ததும் அந்த எழுத்துதான். எனக்கு அது பாதி விளங்குகிறது, பாதி விளங்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டாயிற்று. 25-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் பவளாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். வரலாமா என்று கேட்கவில்லை, வருகிறேன். இரண்டு நாளில் நான் திரும்பிவிடுவேன். பவளா பள்ளி திறக்கும்வரை உன்னிடம் இருப்பாள். ரொம்பப் பேசுவாள், பொறுத்துக்கொள்.

பதில் எழுதாதே அக்கா. எழுத உட்கார்ந்தால் நீ வேறு எதையாவது எழுதிவிடுவாய். ஸ்டேஷனுக்கு வா, போதும்.

உன் சரசு